நூற்றுக்கு நாலு ரூபாய்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாசனை வராத வீடு தண்டையார்பேட்டையில் குறைவு. விடிவதற்குள் காசிமேட்டுக்குப் போய், ஏலச் சத்தத்துக்கு நடுவே நின்று வஞ்சிரமும் சங்கராவும் வாங்கி வருகிறவர்கள் உண்டு. போக முடியாதவர்களுக்கு மார்க்கெட் இருக்கிறது, தெருமுனையில் கூடைக்காரம்மா இருக்கிறார். எங்கள் வீடு இரண்டாவது வகை. இறால் வாங்கும்போது அம்மா கேட்கும் முதல் கேள்வி, "கடல் எறாவா, ஆத்து எறாவா?" என்பதுதான். ஆற்று இறால் என்றால் எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலையாறு கடலில் கலக்கிற கழிமுகத்து இறால். ஐஸ் படாதது, அன்றைக்குப் பிடித்தது. "ஆத்து எறாதாம்மா" என்று பதில் வந்துவிட்டால் அம்மா அதிகம் பேரம் பேச மாட்டார்.

அடுத்த கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. அதைப் பிடித்தது யார்?

கொசஸ்தலையாற்றில் இறால் பிடிப்பவர்களில் பழங்குடியினரான இருளர்கள் இருக்கிறார்கள். கையால் பிடிக்கிறார்கள். படகு கிடையாது. மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, அடிச்சேற்றைத் துழாவி, விரலில் தட்டுப்படும் இறாலைப் பிடித்துப் பனையோலைக் கூடையில் போட்டுக்கொள்கிறார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலையாக இருப்பதால் கூடையின் வாயைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். பெண்களும் இப்படித்தான் மணிக்கணக்கில் ஆற்றுக்குள் நிற்கிறார்கள். சிப்பி ஓடும் கண்ணாடிச் சில்லும் விரலைக் கிழிக்கும். ஓதம் எப்போது ஏறும், எப்போது வற்றும், எந்த இடத்தில் மணல், எந்த இடத்தில் சேறு, எந்த மாதத்தில் இறால் எங்கே ஒதுங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம். எந்தப் பள்ளியிலும் கற்றுத்தராத பாடம்.

கரையேறியதும் கூடை வியாபாரியின் கைக்குப் போகிறது. வியாபாரி சொல்வதுதான் விலை. அவசரத்துக்கு அவரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் விலையைப் பற்றி வாயே திறக்க முடியாது. அங்கிருந்து இன்னொரு கை, பிறகு மார்க்கெட், பிறகு எங்கள் தெரு. என் அம்மா பேரம் பேசாமல் மனசாரக் கொடுத்த அந்தக் கூடுதல் பணம் ஆற்றங்கரை வரைக்கும் போய்ச் சேர்ந்ததே இல்லை.

பழங்குடி மக்கள் நடத்தும் தொழில்களை ஒரு நகரம் எப்படி ஆதரிப்பது என்று உலகின் பல ஊர்களில் இன்று பேசுகிறார்கள். சென்னையில் அந்தப் பேச்சு இன்னும் தொடங்கவில்லை. தொடங்குவதானால் வடசென்னையிலிருந்து தொடங்குவதே பொருத்தம். காரணம் எளிது. பிடிக்கிறவர்களும் இங்கேயே இருக்கிறார்கள், வாங்கக்கூடியவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். நடுவில் ஒரு வேலி நிற்கிறது.

தண்டையார்பேட்டை வந்தவர்களால் ஆன ஊர். ஊரின் பெயரே அப்படித்தான் என்பார்கள். தொண்டியிலிருந்து வந்து இங்கே தங்கிய ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபைத் 'தொண்டியார்' என்று மக்கள் அழைத்தார்கள். அவர் இருந்த இடம் தொண்டியார்பேட்டை ஆனது. துறைமுக வேலைக்கு வந்தவர்கள், மில் வேலைக்கு வந்தவர்கள், எண்ணெய்க் கிடங்குகளுக்கு வந்தவர்கள் என்று இங்கே எல்லோருக்கும் ஓர் ஊர்க்கதை உண்டு. மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் ஓடத் தொடங்கியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் வந்தது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994-இல், எண்ணூர்த் துறைமுகம் 2001-இல். இவை எல்லாவற்றுக்கும் முன்பே அந்த ஆற்றில் இறால் தேடிக்கொண்டிருந்தவர்கள் இருளர்கள்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7.94 லட்சம் பேர். மக்கள் தொகையில் 1.1 விழுக்காடு. அவர்களில் இருளர்கள் சுமார் 1.89 லட்சம். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரோடு இருளரையும் சேர்த்து ஆறு சமூகங்களை மிக நலிந்த பழங்குடிகள் என்று ஒன்றிய அரசு வகைப்படுத்தியிருக்கிறது. மற்ற ஐந்து பெயர்களையும் கேட்டால் நமக்கு நீலகிரியும் காடும் நினைவுக்கு வரும். இருளர்கள் நீலகிரியிலும் இருக்கிறார்கள், திருவள்ளூரிலும் செங்கல்பட்டிலும் விழுப்புரத்திலும் இருக்கிறார்கள். மெட்ரோ ரயிலில் விம்கோ நகர் வரை போய், அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் அவர்களுடைய ஆறு வந்துவிடும். மலைக்கும் காட்டுக்கும் போகத் தேவையில்லை.

2021-இல் 'ஜெய் பீம்' பார்த்துக் கண்கலங்காதவர்கள் குறைவு. அந்தப் படம் செய்த நன்மை பெரிது. ஆனாலும் அதன் பிறகு இருளர் என்றாலே லத்தியும் லாக்கப்பும் மட்டுமே நினைவில் நிற்கிற நிலை வந்துவிட்டது. அதே படத்தின் தொடக்கத்தில் அவர்கள் வயலில் எலி பிடிப்பதும் வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பதும் வருகிறதே, அது தொழில். கைதேர்ந்த தொழில். கண்ணீர் விட்ட நாம் அந்தத் தொழிலுக்கு என்ன கூலி, யார் கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை.

வடநெம்மேலி சொல்லும் கணக்கு

இருளர் தொழில் என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமானால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே போக வேண்டும். அங்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். 1978-இல் தொடங்கியது.

அதற்கு முந்தைய கதை கசப்பானது. பாம்புத் தோலுக்கு வெளிநாட்டில் கிராக்கி இருந்த காலத்தில் இருளர்கள் பாம்பு பிடித்துக் கொன்று தோலைக் கொடுத்தார்கள். கைப்பையும் பெல்ட்டும் செய்தவர்களுக்கு லாபம்; பிடித்தவர்களுக்குச் சில்லறை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதைத் தொடர்ந்து பாம்புத்தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. பாம்புகளுக்கு நல்லதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கற்ற ஒரே தொழில் குற்றமாக மாறியபோது அந்தக் குடும்பங்கள் அடுத்த வேளைக்கு என்ன செய்யும் என்பதைச் சட்டம் யோசிக்கவில்லை. யோசித்தவர் ரோமுலஸ் விட்டேகர். கிண்டி பாம்புப் பண்ணையை உருவாக்கிய அவர், இருளர்களிடமிருந்தே பாம்பைப் பற்றிப் படித்தவர். பாம்பைக் கொல்லாமல் அதன் நஞ்சை மட்டும் எடுத்து விற்கலாம் என்ற யோசனையில் பிறந்தது சங்கம்.

வேலை நடக்கும் விதம் அழகானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கை மட்டும் பிடிக்க வனத்துறை அனுமதி தருகிறது, எண்ணிக்கை வரம்போடு. பிடித்து வந்த பாம்பு மண்பானையில் ஏறத்தாழ மூன்று வாரம் இருக்கும். அதற்குள் நான்கு முறை நஞ்சு எடுப்பார்கள். பிறகு, திரும்ப அதே பாம்பைப் பிடித்துவிடாமலிருக்க வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வைத்துக் காட்டில் விட்டுவிடுவார்கள். எடுத்த நஞ்சு உலர்த்தப்பட்டுப் பொடியாகி மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து பாம்புக்கடி மருந்து தயாராகிறது. இந்தியாவில் அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சில் மிகப் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்துதான் போகிறது. 2000-க்கும் 2019-க்கும் இடையே நாட்டில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் 12 லட்சம் பேர் இருக்கலாம் என்கிறது ஆய்வு. பிழைத்தவர்கள் எத்தனை பேரின் உடம்பில் ஓர் இருளரின் கைவேலை ஓடியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சங்கத்தோடு இணைந்து பணியாற்றிய வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 2017-இல் நடந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க வழி தெரியாமல் தவித்தவர்கள் இந்த இருவரையும் வரவழைத்தார்கள். முதல் 8 நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். அங்கே அவர்களை யாரும் பரிதாபப்பட்டு அழைக்கவில்லை. வேலை தெரிந்தவர்கள் என்று கூலி கொடுத்து அழைத்தார்கள்.

வடநெம்மேலியைச் சொர்க்கமாகக் காட்டுவது என் நோக்கமில்லை. உறுப்பினர்கள் சுமார் 350 பேர்; 1.89 லட்சத்தில் அது ஒரு துளி. அனுமதி ஆணை தாமதமாகிற வருடம் பாம்பு பிடிக்க முடியாது, வருமானமும் வராது. ஆனாலும் மூன்று விஷயங்களை அந்தச் சங்கம் நிரூபித்துவிட்டது. அறிவு அவர்களுடையது. சொத்தும் அவர்களுடையது. எடுத்ததை வாங்க ஆள் இருக்கிறது. இந்த மூன்றாவதுதான் கொசஸ்தலையாற்று இருளருக்கு இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம்

வாங்க ஆள் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். வடசென்னையின் வரைபடத்தை விரித்தால் போதும். மணலியில் சென்னை பெட்ரோலியம், மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ். வல்லூரில் என்.டி.பி.சி.யும் தமிழ்நாடு மின்வாரியமும் சேர்ந்து நடத்தும் அனல்மின் நிலையம். எண்ணூரில் காமராஜர் துறைமுகம். எங்கள் தண்டையார்பேட்டையிலேயே எண்ணெய் நிறுவனக் கிடங்குகள். பெரும்பாலும் ஒன்றிய அரசின் பொதுத்துறை நிறுவனங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு சட்டக் கடமை இருக்கிறது. பக்கத்துத் தெருவில் இருக்கும் நமக்கே அது தெரியாது.

சிறு, குறு தொழில்களிடமிருந்து கொள்முதல் செய்வதற்கான ஆணையை ஒன்றிய அரசு 2012-இல் கொண்டுவந்தது. 2015 ஏப்ரல் முதல் அது கட்டாயம். ஒன்றிய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக்கு வாங்கும் பொருளிலும் சேவையிலும் 20 விழுக்காடு சிறு, குறு தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும் என்றது. 2018-இல் அதை 25 ஆக உயர்த்தினார்கள். அதற்குள்ளே பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு 4 விழுக்காடு, பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு 3 விழுக்காடு.

நூறு ரூபாய்க்கு வாங்கினால் நாலு ரூபாய். சலுகைகளும் உண்டு. டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். குறைந்த விலை கேட்டவரைவிட 15 விழுக்காடு வரை கூடுதலாகக் கேட்டிருந்தாலும், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கி வரச் சம்மதித்தால் ஆர்டரில் ஒரு பங்கு கிடைக்கும்.

நடைமுறையில்? அந்த நாலு விழுக்காடு, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும், பல ஆண்டுகள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. தகுதியான சப்ளையர் கிடைக்கவில்லை என்ற பதில் ஆண்டுதோறும் வருகிறது. இன்னொரு குறையும் உண்டு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து ஒரே நாலுதான், தனித்தனியே பிரிக்கவில்லை. 2005 முதல் தலித் தொழில்முனைவோர் தங்களுக்கென ஒரு தொழில் வர்த்தக சபையை வைத்துப் போராடி ஓரளவு குரலை எழுப்பியிருக்கிறார்கள். அவர்களே இன்னும் தட்டிக்கொண்டிருக்கிற கதவு அது. ஆற்றில் நிற்கும் இருளப் பெண்ணுக்கு அப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது.

சுத்திகரிப்பு ஆலைக்கு இருளர் எதை விற்பார் என்று சிரிக்கிறவர்களுக்குப் பதில் இருக்கிறது. ஆலைக்கு கேன்டீன் உண்டு. அங்கே மீன் குழம்பு வைக்கிறார்கள். இறாலும் மடவையும் கழி நண்டும் ஆற்றங்கரைச் சங்கத்திடமிருந்து நேராக வரலாம். பசுமை வளையம் என்று ஒவ்வோர் ஆலையும் மரம் நடுகிறது. செங்கல்பட்டுப் பக்கம் தண்டரையில் இருளப் பெண்களின் நலச்சங்கம் 1986 முதல் மூலிகையும் நாற்றங்காலும் நடத்திவருகிறது. செடி வளர்க்கத் தெரியாதவர்களா அவர்கள்? நூற்றுக்கணக்கான ஏக்கர் புதர் மண்டிய ஆலை வளாகத்தில் பாம்பு வராத வாரம் இருக்காது. அதைப் பிடிக்க இருளரைவிடத் தேர்ந்தவர் இந்த உலகத்திலேயே கிடையாது என்று புளோரிடாக்காரர்கள் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். கழிமுகத்தில் அலையாத்திச் செடி நடும் வேலையை எந்த ஊர் கான்ட்ராக்டருக்கோ கொடுக்கிறோம். அந்தச் சேற்றில் பிறந்து வளர்ந்தவர்களின் சங்கத்துக்குக் கொடுத்தால் என்ன?

கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. செங்கல் சூளையும் அரிசி ஆலையும் சவுக்குத் தோப்பும் இருளர் வாழ்க்கையில் கொத்தடிமைத்தனத்தின் மறுபெயர்கள். 1976-இல் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் திருவள்ளூரிலும் காஞ்சிபுரத்திலும் கொத்தடிமைகளை மீட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். அதே திருவள்ளூர் மாவட்டத்தில், அப்படி மீட்கப்பட்ட இருளர்கள் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு 'சிறகு' என்ற பெயரில் தாங்களே சொந்தமாகச் செங்கல் சூளை தொடங்கினார்கள். முன்பணத்துக்காகக் கல் அறுத்த கை, முதலாளியாகக் கல் அறுத்தது. அப்படிப்பட்ட ஒரு சூளைக்கு ஆண்டு முழுவதும் ஆர்டர் கொடுக்கும் வசதி மணலியில் ஒரே ஒரு நிறுவனத்துக்குக்கூட உண்டு.

ஆஸ்திரேலியா இதைச் செய்து பார்த்துவிட்டது. 2015 ஜூலையில் தொல்குடியினர் கொள்முதல் கொள்கையைக் கொண்டுவந்து, அரசு ஒப்பந்தங்களில் 3 விழுக்காடு அவர்களுடைய நிறுவனங்களுக்கு என்று நிர்ணயித்தார்கள். நிறுவனம் உண்மையிலேயே அவர்களுடையதுதானா என்று சரிபார்த்துப் பட்டியலிட ஒரு தனி அமைப்பே இருக்கிறது. கனடா 2021-இல் 5 விழுக்காடு என்று அறிவித்தது. பெயரளவுக்கு ஒரு பழங்குடியை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் வேறொருவர் லாபம் எடுக்கும் மோசடி ஆஸ்திரேலியாவிலும் உண்டு. நம் ஊரில் பினாமி என்று சொன்னால் விளக்கமே தேவையில்லை. நம் சட்டமும் கூட்டு நிறுவனமென்றால் 51 விழுக்காடு பங்கு அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்கிறது. ஆக, ஏட்டளவில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆஸ்திரேலியாவுக்கு மூன்று ஆண்டு முன்னதாகவே நாலு என்று எழுதிவைத்தவர்கள் நாம்.

ஒரு காகிதம்

எழுதிவைத்தது ஏன் ஆற்றங்கரைக்குப் போகவில்லை? முதல் காரணம் ஒரு காகிதம். பழங்குடிச் சான்றிதழ்.

பட்டியல் சாதிச் சான்றிதழை வட்டாட்சியரே தரலாம். பழங்குடி என்றால் கோட்டாட்சியர் தர வேண்டும். விசாரணை நடக்கும். தாத்தாவின் சான்று கேட்பார்கள், பள்ளி ஆவணம் கேட்பார்கள். பள்ளிக்கே போகாத தாத்தாவிடம் என்ன ஆவணம் இருக்கும்? ஊர் ஊராகச் சூளைக்கும் தோப்புக்கும் போன குடும்பத்தில் பிறப்புச் சான்றே இருக்காது. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் ஊர் ஊரிலிருந்து இருளர்கள் வந்து கூடுவார்கள். மணலில் கோயில் கட்டிக் கன்னியம்மாவைக் கும்பிடுவார்கள், கல்யாணம் பேசி முடிப்பார்கள். யார் யாருக்கு உறவு, எந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அங்கே எல்லோருக்கும் தெரியும். அரசு அலுவலகத்துக்கு மட்டும் அவர்கள் யாரென்று தெரியாது.

அந்தச் சான்று இல்லாமல், சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவில் பழங்குடி நிறுவனம் என்று குறிக்க முடியாது. அது இல்லாமல் நாலு விழுக்காட்டின் வரிசையில் நிற்க முடியாது. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. நல்ல திட்டம். 2024-இல் பழங்குடி மேம்பாட்டுக்கென்று 'தொல்குடி' திட்டத்துக்கு நான்கு ஆண்டில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதுவும் நல்லது. ஆனால் எதற்கும் முதல் படி அந்தக் காகிதம். எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பழவேற்காடு இருளர் குடியிருப்புகளில் கோட்டாட்சியரே வந்து உட்கார்ந்து, அங்கேயே விசாரித்து, அங்கேயே கையெழுத்துப் போட்டால் சில நாளில் முடிகிற வேலை இது.

இரண்டாவது காரணம் பணம் வரும் வேகம். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் சட்டம். அதையே பல நிறுவனங்கள் மதிப்பதில்லை. இன்று பிடித்த இறாலுக்கு இன்று மாலை அரிசி வாங்க வேண்டிய வீட்டுக்கு 45 நாள் என்பது ஏழு ஜென்மம். அதனால்தான் குறைந்த விலை என்றாலும் கையில் காசு வைக்கிற வியாபாரியிடமே கூடை போகிறது. அந்த வியாபாரியைத் திட்டிப் பயனில்லை. பிடித்தவருக்கு அன்றைக்கே பணம் கொடுத்துவிட்டு, நிறுவனத்திடமிருந்து நிதானமாக வாங்கிக்கொள்ளும் வலு ஒரு சங்கத்துக்கு வேண்டும். கோத்தகிரியில் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் 2013 முதல் தேனையும் மிளகையும் காப்பியையும் இப்படித்தான் திரட்டி விற்கிறது. பங்குதாரர்கள் அத்தனை பேரும் பழங்குடியினர். இருளர்களும் அதில் உண்டு. 2021-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அதற்குக் கிடைத்தது. மலையில் முடிந்தது ஆற்றிலும் முடியும்.

மூன்றாவதை எழுதக் கை வரவில்லை, எழுதாமல் விடவும் முடியாது. ஆறே போய்க்கொண்டிருக்கிறது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் குழாய் உடைந்து கழிமுகம் தூர்ந்தது பல காலமாக நடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலையாற்றில் பரவியது. அலையாத்தி மரங்களின் வேரில் தார் போல அப்பிக்கொண்டது. மீனவர்கள் வெறுங்கையால் குவளையில் அள்ளினார்கள். அந்த மாதமே எண்ணூர்ப் பக்கம் பெரியகுப்பத்தில் அம்மோனியாக் கசிவு. எண்ணெய்க் கசிவுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். படகை எண்ணிவிடலாம். கையே வலையாக இருக்கிறவரின் கையை எந்தப் பதிவேட்டில் எண்ணுவார்கள்? அந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் ஆற்று இறால் வாங்கவில்லை. பயந்தோம். நாங்கள் பயந்த ஒவ்வொரு நாளும் அங்கே ஓர் அடுப்பு எரிந்திருக்காது.

ஆலையின் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த எண்ணெய் ஆற்றைத் தாண்டி வீட்டு வாசல் வரைக்கும் வந்தது. அதே வேலியைத் தாண்டி ஒரு கொள்முதல் ஆணை மட்டும் இந்தப் பக்கம் வருவதில்லை. இது நியாயமில்லை.

கேட்பது அதிகமில்லை. மணலி, வல்லூர், எண்ணூர், தண்டையார்பேட்டையில் இருக்கும் ஒவ்வொரு பொதுத்துறை நிறுவனமும் கடந்த ஆண்டு பழங்குடியினரின் தொழில்களிடமிருந்து எத்தனை ரூபாய்க்கு வாங்கியது என்று வாசலில் எழுதி வைக்கட்டும். பட்டியல் சாதியினரோடு சேர்த்து இல்லாமல், தனியாக. பூஜ்ஜியமாக இருந்தால் பூஜ்ஜியம் என்றே எழுதட்டும். அடுத்த ஆண்டு டெண்டர் போடும்முன் ஓர் அதிகாரி ஆற்றங்கரைக்கு வந்து, உங்களால் என்ன தர முடியும் என்று உட்கார்ந்து கேட்கட்டும். சமூகப் பொறுப்பு நிதியில் போர்வையும் நோட்டுப் புத்தகமும் கொடுத்துப் புகைப்படம் எடுப்பதற்கு ஆகும் செலவில், ஓர் ஐஸ் பெட்டியும் ஒரு சிறு வண்டியும் அன்றன்றைக்குக் கூலி கொடுக்கச் சுழல்நிதியும் ஓர் இருளர் சங்கத்துக்குக் கொடுத்துவிடலாம்.

நம் பங்கும் இருக்கிறது. தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2014-இலேயே வந்துவிட்டது. இடம் ஒதுக்கும் அதிகாரம் மாநகராட்சியிடம் இருக்கிறது. தண்டையார்பேட்டை நான்காவது மண்டலம்; எங்கள் மண்டல அலுவலகத்துக்கு இந்தக் கட்டுரையோடு ஒரு மனுவும் போகிறது. கொசஸ்தலையாற்று இருளப் பெண்கள் இடையில் ஆளில்லாமல் நேராக வந்து இறால் விற்க, மார்க்கெட் பக்கம் நிழலும் தண்ணீரும் உள்ள நாலு இடம் கொடுங்கள். வட்டாரத்து மெஸ்காரர்களும் ஓட்டல்காரர்களும் வாரத்துக்கு ஒரு நாளாவது அவர்களிடம் வாங்குவதாக ஒரு கையெழுத்துப் போடுங்கள். வாசகர்கள் யாராவது கூடவே கையெழுத்திட விரும்பினால் அதே அலுவலகத்துக்கு நீங்களும் எழுதுங்கள்.

இடம் கிடைக்கும் முதல் ஞாயிறு காலை, அம்மாவும் நானும் பையோடு வருகிறோம். கேட்ட விலையைக் கொடுப்போம்.